மின்புலத்தில் காப்பு அடுக்குகள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின், அம்மின்சாரம் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டிற்று. கொங்கு நாட்டுக் கிணறுகளில் நீர் இறைத்தது. நம் நகரம் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றது. நம் இளைஞர் பலர் காயில் கட்டும் பட்டறைகளில் உழைக்கின்றனர். காப்புத் தாளைச் செருகி, கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, சூடேற்றி உலர்த்துகின்றனர். ஏன் முக்குகிறோம் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்குவதில்லை. அதனை விளக்கவே இங்கு நிற்கின்றேன்.

மின்கடத்தாப் பொருள்கள் இரண்டை அடுக்கி, இருபுறமும் மாறுமின்னழுத்தம் கொடுத்தால், அது தடிமனுக்கு ஏற்பப் பங்கிடப்படும் என்றே எண்ணுவோம். அவ்வாறன்று. ஒவ்வொரு பொருளுக்கும் விடுதிறன் என்னும் பண்பு உண்டு. காற்றுக்கு அது 1. மின்மாற்றி எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.2, பாலியஸ்டர் படலத்திற்கு ஏறத்தாழ 3. எந்த அடுக்கின் விடுதிறன் குறைவோ, அதனுள்தான் மின்புலம் மிகும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 0.3 மி.மீ. தடிமனுள்ள படலமும், அதனை ஒட்டி 0.1 மி.மீ. காற்றிடைவெளியும் இருப்பதாகக் கொள்வோம். தடிமனை விடுதிறனால் வகுத்தால் இரண்டுக்கும் 0.1 என்றே விடை வரும். ஆகவே, மொத்தத் தடிமனில் கால் பங்கேயான காற்று, அழுத்தத்தில் பாதியைச் சுமக்கிறது. தாங்கும் வலிமையோ படலத்திற்கே பன்மடங்கு அதிகம். அழுத்தம் மிகுந்தால் காற்றில் முதலில் பொறி எழும். அப்பொறி படலத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும். ஒருநாள் காப்பு முழுவதும் துளைபடும்.

415 வோல்ட் பம்பு மோட்டாரில் ஈரத்தையும் அதிர்வையும் தடுப்பதே வார்னிஷின் முதற்பணி. 11,000 வோல்ட் இயந்திரத்திலோ, இடைவெளியில் காற்று தங்காதிருப்பதே உயிர்நாடி. ஆதலால் வெற்றிடக் கலத்தில் காற்றை உறிஞ்சிய பின்னரே பிசினையோ எண்ணெயையோ ஏற்றுகின்றனர். இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும் சிறு மோட்டாரிலும் ஆயிரம் வோல்ட்டைக் கடந்த துடிப்புகள் எழக்கூடும். அங்கும் இவ்வாபத்து உண்டு.

இளைஞர்களே! நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டது எழுத்து மட்டுமன்று, "ஏன்?" என்று கேட்கும் உரிமையும்தான். இன்றும் மோட்டார் எரிந்தால் பழி முதலில் காயில் கட்டியவர்மேல் விழுகிறது. காரணம் அறிந்தவர் அப்பழிக்கு விடை கூறுவார்; சோதனை மேசையிலும் அமர்வார். கைத்திறன் நம்மிடம் உண்டு. அதனோடு இயற்பியலும் சேரட்டும். நம் சங்கம் தொழிலாளத் தோழர்களுக்கென ஒரு மாலை வகுப்பைத் தொடங்குமாறு வேண்டி அமர்கின்றேன்.