இறைவாக்கு நம் இல்லங்களில்

(பங்கின் பொன்விழா முப்பெருநாள் நிகழ்ச்சிகளில், இரண்டாம் நாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் ஊர் தனிப் பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவதை நாம் கொண்டாடுகிறோம். கோவிலுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. புதிய மணியும் வந்து சேர்ந்துவிட்டது. இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால், ஒரு கேள்வியை இந்த நல்ல வேளையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஐம்பது ஆண்டுகளில் கோவில் வளர்ந்திருக்கிறது. கோவிலுக்குள் அமர்ந்திருக்கும் நாம் வளர்ந்திருக்கிறோமா?

நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஒரு பிள்ளை ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்தாலே பெற்றோர் பதறி ஓடி வருவார்கள். ஆனால் ஞானோபதேசத்தில் நாம் எந்த வகுப்பில் நிற்கிறோம்? புதுநன்மைக்குப் படித்தோம்; உறுதிபூசுதலுக்குப் படித்தோம்; அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம். புதுநன்மைக்குத் தைத்த சட்டையை ஐம்பது வயதில் போட முடியுமா? எட்டு வயதில் கற்ற விசுவாச அறிவை மட்டும் எண்பது வயதுவரை இழுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறோம். பிள்ளை படிப்பு, பெண் கலியாணம், நோய், கடன், சாவு என்று வாழ்க்கை நம்மிடம் பெரிய கேள்விகளைக் கேட்கிறது. நாம் சின்னப் பிள்ளையின் பதிலை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறோம்.

இதற்கு நம் முன்னோரைக் குறை சொல்வது நியாயமல்ல. 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும், பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்க் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், கேட்டதை நெஞ்சில் எழுதிக்கொண்டு விசுவாசத்தைக் காத்தார்கள். நம் பாட்டிமார் உருட்டிய செபமாலையின் தேவ இரகசியங்களும் பெரும்பாலும் நற்செய்தியிலிருந்து வந்தவைதாம்.

ஆனாலும், வேதாகமத்தைத் தானே திறந்து வாசிக்கும் பழக்கம் நம்மில் வேரூன்றவில்லை. என் சிறு வயதில் பூசை இலத்தீனில் நடந்தது. சுவாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்று செபிப்பார். நாங்கள் இந்தப் பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவரைக் கண்டால், “அவர் பிரிந்த சபைக்காரர்” என்று சொல்லிவிடுவோம். அப்படி இருந்த நமக்குத் திருச்சபையே கதவைத் திறந்துவிட்டது. 1965 நவம்பர் 18-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. விசுவாசிகள் எல்லாரும் வேதநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும், வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்று அது வற்புறுத்தியது. வேதத்தை அறியாதவர் கிறிஸ்துவையே அறியாதவர் என்ற கருத்தில் புனித எரோணிமுசு சொன்னதையும் அது நினைவூட்டியது. 1969-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்திலிருந்து, ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக அமைந்தன. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் நம் கைக்கு வந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிசு ஆண்டின் பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகவே ஏற்படுத்தினார்.

கதவு திறந்தாகிவிட்டது. நாம் உள்ளே போனோமா?

பல வீடுகளில் நான் பார்க்கிறேன். கலியாணத்தில் பரிசாக வந்த விவிலியம், வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே சுரூபத்தின் பக்கத்தில் இருக்கிறது. பூ வைக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். திறப்பதில்லை. வெளியூரிலிருந்து மகன் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் மாலை போட்டு வைப்பாளா ஒரு தாய்?

இப்படி மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. என் கதையையும் சொல்ல வேண்டும். சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பியிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

நம் ஊர் தனிப் பங்கான நாளிலிருந்தே நான் பூசையில் வாசகம் வாசித்து வருகிறேன். “வாத்தியார் வாசித்தால் மணி மணியாக இருக்கும்” என்று சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான். தகப்பனார் காலமானபின் எனக்கும் என் தம்பிக்கும் பாகப்பிரிவினை நடந்தது. நிலம் பிரிந்தது; கிணறு பொதுவில் நின்றது. தண்ணீர் முறையில் தகராறு வந்தது. வாய்ச் சண்டையாகத் தொடங்கியது, பேச்சு வார்த்தை அற்றுப்போவதில் முடிந்தது. ஏழு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஒரே கோவிலுக்குத்தான் வருவோம். நான் வாசக மேடைக்கு அருகில். அவன் பக்கவாசல் ஓரத்தில். சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் திருக்குடும்ப ஞாயிறன்று, கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து வாசகம் வரும். ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் உங்களை மன்னித்ததுபோல நீங்களும் மன்னியுங்கள் என்று பவுலடியார் சொல்லும் பகுதி அது. அந்த ஏழு ஆண்டுகளில் மூன்று முறையாவது நானே அதை வாசித்திருப்பேன். நிறுத்தி, நிதானமாக, உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தேன். அது யாருக்கோ எழுதிய கடிதம். நான் அதை விநியோகிக்கும் தபால்காரன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

1986-இல் என் தாயார் படுக்கையில் விழுந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. கண்பார்வையும் மங்கிவிட்டது. “தினமும் ராத்திரி எனக்கு ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டுய்யா” என்றார். லூக்கா நற்செய்தியில் தொடங்கினேன். பள்ளி முடிந்து களைத்து வந்து, கடமைக்கு வாசித்தேன். பதினைந்தாம் நாள் பதினைந்தாம் அதிகாரம் வந்தது. ஊதாரி மகனின் கதை நமக்குத் தெரியாததா? வேகமாக வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

அம்மா கேட்டார்: “பெரியவன் உள்ள போனானாய்யா?”

எனக்கு விளங்கவில்லை. “எந்தப் பெரியவன்?” என்றேன்.

“அந்த மூத்த மகன்தான்யா. வயல்லேர்ந்து வந்தவன் கோவிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். அப்பா வெளிய வந்து கெஞ்சுறாரு. அப்புறம் அவன் உள்ள போனானா, இல்லையா?”

புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்தேன். போனான் என்றும் இல்லை. போகவில்லை என்றும் இல்லை. தகப்பன் பேசுகிறார், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. “அது எழுதலையேம்மா” என்றேன். “சரி, போய்ச் சாப்பிடு” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு மூத்தவன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்தப் பகுதியைத் தனியாக வாசித்தேன். யாருக்கும் கேட்பதற்காக அல்ல, எனக்காக நான் வேதம் வாசித்தது அதுவே முதல் தடவை. மூத்தவன் தன் தம்பியைத் ‘தம்பி’ என்று சொல்லாமல், தகப்பனிடம் ‘உம்முடைய மகன்’ என்று சொல்கிறான். தகப்பனோ ‘உன் தம்பி’ என்று திருத்துகிறார். நூறு முறை கேட்ட கதையில் அதை நான் கவனித்ததே இல்லை. நானும் ஏழு ஆண்டுகளாக என் தாயாரிடம் “உங்க சின்ன மகன்” என்றுதான் சொல்லி வந்தேன்.

உடனே எழுந்து போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் அதே பகுதியை வாசித்தேன். ஒவ்வொரு நாளும் கிணற்றின் நியாயம் என் பக்கம் என்றே மனம் வாதாடியது. நியாயம் மூத்த மகன் பக்கமும் இருந்ததே என்று வேதம் பதில் சொன்னது. பத்தாம் நாள் மாலை தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, “அண்ணனுக்குக் காப்பி போடு” என்றான். கிணற்றுத் தகராறு தீர இன்னும் ஓராண்டு பிடித்தது. ஆனால் அன்று முதல் அம்மாவின் கட்டிலருகே ஓர் இரவு அவன், ஓர் இரவு நான் என்று இருந்தோம். நான்கு மாதம் கழித்து அவரை இருவரும் சேர்ந்துதான் தூக்கிச் சென்றோம். அம்மா அந்தக் கேள்வியை மறுபடி என்னிடம் கேட்கவில்லை.

அன்பர்களே, கோவிலில் கேட்கும் வேதம் விதை; வீட்டில் தியானிக்கும் வேதம் அந்த விதைக்குத் தண்ணீர். ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது. அப்படியானால் எப்படித் தொடங்குவது? எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தொடங்கும் இடம். கத்தோலிக்க விவிலியத்தில் பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 73 நூல்கள் உள்ளன. முதல் பக்கத்தில் உற்சாகமாகத் தொடங்கி, லேவியர் நூலில் களைத்து நிறுத்திவிட்டவர்கள் பலர். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதற்கும் நேரமில்லாதவர்கள், சனிக்கிழமை இரவு மறுநாள் பூசையின் வாசகங்களையாவது வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள். பிரசங்கம் வேறு மாதிரி காதில் விழும்.

இரண்டாவது, வாசிக்கும் முறை. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கார்த்தூசியன் மடத்தின் தலைவராயிருந்த குய்கோ என்ற துறவி இதை ஓர் ஏணியாகச் சொன்னார். அதற்கு நான்கு படிகள். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல். மாடு மேய்ந்ததோடு நிற்பதில்லை. நிழலில் படுத்து அசைபோடுகிறது. அசைபோட்டால்தான் மேய்ந்தது பாலாகும். நம் தேவதாயாரும் கண்டதையும் கேட்டதையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இருமுறை எழுதுகிறார். வாசித்ததும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டவர் இதில் என்னிடம் என்ன கேட்கிறார்?’ என்று கேளுங்கள். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. கிளி சீட்டு எடுப்பதுபோல் கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து, இன்றைய பலன் பார்ப்பது வேத வாசிப்பு அல்ல. முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள். புரியாததை அடிக்குறிப்பில் பாருங்கள், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்தபோது, வழிகாட்ட ஆளில்லாமல் எப்படி விளங்கும் என்றுதான் பிலிப்புவிடம் கேட்டார். கேட்பதில் வெட்கமில்லை.

“எங்களுக்கு எழுத்து தெரியாதே” என்கிற தாய்மாரே, கவலை வேண்டாம். பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைப்பேசியிலும் விவிலியம் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அதையாவது பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத ஒரு தாய் கேட்ட ஒரு கேள்வி, பதினோரு ஆண்டு வாசகம் வாசித்த ஒரு வாத்தியாருக்குப் பாடம் சொன்னதை இப்போதுதானே கேட்டீர்கள்.

பொன்விழா என்கிறோம், யூபிலி என்கிறோம். லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டுக்குச் சட்டம் வகுக்கிறது. எக்காளம் ஊத வேண்டும். அடிமை விடுதலை பெற வேண்டும். கைமாறிய நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். அவனவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பிப் போக வேண்டும். கொடியேற்றமும் தேர்ப்பவனியும் எக்காளத்தின் ஓசை. யார் யாரிடம் திரும்பிப் போகிறோம் என்பதே யூபிலியின் பொருள்.

ஆகையால், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சுரூபத்தின் பக்கத்திலுள்ள விவிலியத்தின் உறையைக் கழற்றுங்கள். குடும்பத்தோடு அமர்ந்து லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உடனே மூடிவிடாதீர்கள். மூத்தவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை. அந்த இடத்தை நமக்காக விட்டு வைத்திருக்கிறார்.

வார்த்தையான இறைவன் நம் இல்லங்களில் குடிகொள்வாராக. நம் பங்கின் பாதுகாவலர் நமக்காகப் பரிந்துபேசுவாராக.