கழிவுக்கு விலை இருக்கு, மனுசனுக்கு?

(போலகம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுரங்கத்தை மூடினால் ஊர் என்ன ஆகும்? வட இங்கிலாந்தின் நிலக்கரி கிராமங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது. ஈசிங்டன் சுரங்கம் 1993ல் மூடப்பட்டது. அதைப் பற்றிப் புத்தகம் வந்தது, சினிமா வந்தது. நம்ம சனம் தோண்டின சுரங்கம் மூடியதை நாம எவ்வளவு பேசினோம்? கோலார் தங்கவயலைச் சொல்கிறேன்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே இறங்கியது. வடாற்காடு, சித்தூர் சேரிகளிலிருந்து நம் மக்கள் போனார்கள். தங்கத்துக்கு ஆசைப்பட்டா? இல்லை. பண்ணையார் மரக்காலில் அளந்து போடும் நெல்லுக்குப் பதிலா, கையில் எண்ணி வாங்கும் ரொக்கத்துக்காக. போலகத்தில் இதை விளக்கணுமா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உள்ளே பாறை வெடிப்பு, நுரையீரலைத் தின்னும் தூசி. மேலே வெள்ளைக்காரனுக்குப் பங்களா, நமக்கு லைன் வீடு. ஆனாலும் ரொக்கக் கூலி முதுகை நிமிர்த்தியது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. 1914ல் பண்டிதர் மறைந்தார், 1926ல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்து மறுபடி நடத்தினார். 1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பூமிக்குக் கீழே போனவர்கள்தான் தலை நிமிர்ந்தார்கள்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் பிழைப்புக்கு பெங்களூருக்கு ரயிலேறினார்கள். விடியலில் போய் இருட்டில் திரும்பும் பிழைப்பு.

நகைக்கடனுக்கு கிராம் கிராமா நிறுத்து எழுதுற வங்கிக் குமாஸ்தா நான். அங்கே எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். எடுத்தவன் கணக்கு எந்தப் பேரேட்டில் இருக்கு?

மிச்சம் 13 சயனைடு மண்மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அதில் ஒட்டியிருக்கும் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கழிவுக்கு விலை இருக்கு. அந்தத் தூசியை மூச்சில் வாங்கினவனுக்கு?

இது தூரத்துச் சங்கதி இல்லை. பக்கத்து வாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குது. அந்தக் கரித்தூள் யார் குடிசையில் படியுதுன்னு நாம் கணக்கெடுக்கணும்.

தங்கவயலுக்காக நாம் கேட்கவேண்டியது மூன்று: மண்மேட்டைத் தொடும்முன் வீட்டுக்குப் பட்டா, நோய்க்கு மருத்துவம், புது வேலையில் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் இடம். பிச்சையாக அல்ல, பாக்கியாக.

ஜெய்பீம்.