கசிவைப் பார்த்தவர் சொல்ல வேண்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் நாம் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்துக் கைதட்டுகிறோம். அதைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் தகவலை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?

விமான, விண்வெளிப் பொறியாளர்களிடமே நாசா இதைக் கேட்டு ஆய்வு செய்தது. சிக்கல் வந்தால் அவர்கள் முதலில் புரட்டுவது சொந்தக் குறிப்புகளை. அடுத்து, கூட வேலை செய்பவரைக் கேட்கிறார்கள். நூலகம் அதற்கப்புறம்தான். நம் ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதைதான். அப்படியானால், கூட இருப்பவர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 முதல்முறை கிளம்பி, 317 விநாடியில் கதை முடிந்து கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வால்வு, மாசு சேர்ந்து மூடாமல் நின்றதால் நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. அந்தக் கசிவு கிளம்பும் முன்பே கண்ணில் பட்டது. பெரிதல்ல என்று விட்டுவிட்டார்கள். பிறகு சதீஷ் தவன் முன்னால் நடந்த கூட்டத்தில் அப்துல் கலாம் எழுந்து, அப்படி முடிவெடுத்தது தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். தன் சுயசரிதையிலும் எழுதி வைத்தார். 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நானும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஒரு நாள் நைட் ஷிஃப்ட். ஒரு வால்வு சொட்டுவதை முந்தின ஷிஃப்ட்காரர் பார்த்திருக்கிறார். லாக் புக்கில் எழுதவில்லை. அதனால் வந்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. எழுதினால் தன்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்ற பயம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் ஏறிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஆலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், சின்னக் கசிவானாலும் லாக் புக்கில் எழுதட்டும். எழுதியவரை அதிகாரிகள் குற்றவாளியாக்க வேண்டாம். இரண்டாவது, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். நெடி, புகை, எண்ணெய் எது வந்தாலும் தேதி, நேரம், தெரு, காற்று அடித்த திசை நான்கையும் குறிப்போம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும்போது அந்த நோட்டோடு போவோம்.

முதல் பக்கத்தை இன்றே எழுதத் தொடங்குவோம்.