மருத்துவம் பயில விரும்புவோரும் பாடத் தெரிவும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான சில நாட்களுக்குள் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மேசையின் முன் வந்து நிற்க நேரிடுகிறது. மேசைக்கு அப்பால் தலைமையாசிரியர் அமர்ந்திருப்பார். "எந்தப் பிரிவு வேண்டும்?" என்று கேட்பார. பிள்ளை தந்தையின் முகத்தைப் பார்க்கும். தந்தை தலைமையாசிரியரின் முகத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் விண்ணப்பத்தில் ஒரு குறி விழுந்துவிடும். அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் நான். மருத்துவராக வேண்டும், அல்லது மருத்துவத்தை ஒட்டிய துறையொன்றில் பணியாற்ற வேண்டும் என்னும் ஆவலுடைய மாணவர்களிடம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் முதல் அணியில் படித்தவன் நான். எங்களுக்கு மூத்தவர்கள் பதினோராம் வகுப்பை முடித்துக் கல்லூரியின் புகுமுக வகுப்பில் சேரும்போது செய்த தெரிவை, நாங்கள் ஓராண்டு முன்னதாக, பதினைந்து வயதில், பள்ளியிலேயே செய்ய வேண்டியதாயிற்று. எதைக் கேட்கிறார்கள் என்பதே எங்களில் பலருக்கு விளங்கவில்லை. நண்பன் நின்ற வரிசையில் நாங்களும் நின்றோம். இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அறிவியல் பயில்வோர்க்கு நம் பள்ளிகளில் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் இயற்பியலும் வேதியியலும் பொது. அவற்றோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்தது ஒன்று. கணிதமின்றித் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தது மற்றொன்று. உயிரியலின்றிக் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தது மூன்றாவது. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை வேண்டும், கணிதம் கட்டாயமன்று. ஆகையால் முதல் இரு வழிகளும் அங்கே கொண்டு சேர்க்கும். மூன்றாவது வழி சேர்க்காது. உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது உண்மையே. ஆயினும் ஆறு பாடங்களைச் சுமப்பவன் ஏழாவதையும் தலையில் ஏற்றிக்கொள்வது எளிதன்று.

உயிர்மருத்துவப் பொறியியல் என்னும் துறையின் கதை வேறு. செயற்கைச் சிறுநீரக யந்திரம், இதயத் துடிப்பைப் பதியும் கருவி, செயற்கைக் கால் முதலியவற்றை ஆக்குவோர் இத்துறையினர். பெயரில் மருத்துவம் இருக்கிறதே என்று விலங்கியலோடு போய் நின்றால் பயனில்லை. தமிழகத்துப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்றே மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். மருந்தியல் பட்டத்துக்குக் கணிதம், உயிரியல் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். செவிலியர் பட்டத்துக்கு உயிரியல் வேண்டும்.

இவையெல்லாம் நன்கு தெரிந்திருந்தும் நான் ஒரு பிழை செய்தேன். 2011-ஆம் ஆண்டு, நெசவுத் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் என் மேசை முன் நின்றான். நல்ல மதிப்பெண், கணிதத்தில் மட்டும் சற்றுக் குறைவு. "டாக்டர் ஆகணும் ஐயா, ஆனா கணக்குன்னா பயமா இருக்கு" என்றான். "மருத்துவத்துக்குக் கணக்கு எதற்கு?" என்று சொல்லி, தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவில் குறியிட்டுவிட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அப்போது தமிழகத்தில் மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்தது. 2013-இல் தேர்வெழுதிய அவன் மிகச் சிறிய இடைவெளியில் இடத்தைத் தவறவிட்டான். உயிர்மருத்துவப் பொறியியல் என்று ஒன்று உண்டென்பதை அதன் பிறகே யாரோ சொல்லக் கேட்டு, ஆவலோடு என்னிடம் ஓடிவந்தான். கணிதம் படிக்காதவனுக்கு அங்கே இடமில்லை என்பதை நானே அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சினங்கொள்ளவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றான்.

மருத்துவத்துக்குக் கணக்கு எதற்கு என்று நான் கேட்டதே தவறு என்பதையும் பிறகு உணர்ந்தேன். கணக்கென்றால் அஞ்சிய அப்பிள்ளை இயற்பியலிலும் அஞ்சினான். மதிப்பெண் குறைந்தது அங்கேதான். பாடத்தை விட்டு ஓடினாலும் அது வேறு பெயரில் எதிரே வந்து நிற்கும் போலும்! இன்றைய 'நீட்' தேர்விலும் இதே நிலைதான். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண். உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. உயிரியலுக்குப் பாதி என்றதும் மாணவர்கள் மனநிறைவு கொள்கிறார்கள். உழைக்கிற பிள்ளைகள் எல்லோரும் உயிரியலில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள்; ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இயற்பியலே. நான் கண்ட வரையில் இதுவே உண்மை.

தேர்வை விடுங்கள். ஒரு குழாயின் வழியே நீர்மம் ஓடும் அளவை ஆராய்ந்த புவாசேய் என்பவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர். இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறியவே அவர் கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். அழுத்தம் மாறாதிருக்கக் குழாயின் ஆரம் பாதியானால், ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கொழுப்பு சிறிது படிந்தாலும் ஏன் பெருந்தீங்கு நேர்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். இது விலங்கியலா, இயற்பியலா, கணிதமா?

நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955 ஆண்டுகளில் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியர். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணைப் பெற்று, அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். உடம்பின் இரகசியம் ஒன்றை அறிய, கதிர் சிதறும் விதத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

நான் சொன்ன அந்த மாணவன் பின்னர்க் கதிரியல் தொழில்நுட்பம் பயின்றான். இன்று ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் யந்திரத்தை இயக்குகிறான். ஒருமுறை என்னை அழைத்துப் போய்க் காட்டினான். பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, கிடைத்த எண்களைக் கொண்டு உடம்பின் உட்படத்தைக் கட்டியெழுப்பும் யந்திரம் அது. அதற்காக 1979-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற கார்மக் ஓர் இயற்பியலாளர். ஹவுன்ஸ்ஃபீல்ட் ஒரு பொறியாளர். இருவரும் மருத்துவர் அல்லர். "உள்ளே இருக்கிறதெல்லாம் கணக்குதான் ஐயா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் எல்லோரும் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவையே எடுக்க வேண்டுமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கணக்குக்கும் கண்ணீர் விடும் பிள்ளை, அப்பிரிவில் சேர்ந்து நான்கு பாடங்களிலும் தளர்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். செடியையும் உயிரையும் கண்டு மகிழும் அத்தகைய மாணவருக்குத் தாவரவியலும் விலங்கியலும் தக்கவையே. எந்தக் கதவு அடைபடுகிறது என்று தெரிந்து அவர் அதை எடுக்கட்டும். கணிதத்தில் சிறிது அச்சம் மட்டுமே உடையவர்கள் அதை விட்டுவிட வேண்டாம் என்பது என் எண்ணம். அச்சம் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஓராண்டில் தீரக்கூடியது.

2013-க்குப் பிறகு நான் மேசையில் குறியிடும் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். எந்தப் பிரிவு எந்தப் பட்டத்துக்கு உதவும், எதற்கு உதவாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு நாளை வா" என்று அனுப்பினேன். சேர்க்கைப் பணி தாமதமாகிறது என்று அலுவலக எழுத்தர் முணுமுணுத்தார். ஒரு பெண் மறுநாள் தனியாகவே வந்தாள். "அப்பா கம்ப்யூட்டர்னு சொல்றாங்க. எனக்கு நர்ஸ் ஆகணும் ஐயா. நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று தாளை என் மேசைமேல் வைத்தாள். அவள் தந்தை வெளியே வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.