மனுவில் இல்லாத வேலை



நிறவெறி என்றதும் பேச்சாளர்கள் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். பெங்களூரில் கூடிய இந்த அவைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் கோலார் தங்கவயல்.

1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அங்கே வந்தது. பின்னாலேயே வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரருக்குப் பங்களாவும் கிளப்பும். ஆங்கிலோ இந்தியருக்கு இடைப்பட்ட வேலை. பாறைக்குள் இறங்கியவருக்கு மூங்கில் தட்டிக் குடிசை. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் மின்சாரம் பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்கு வந்தது. குடிசைக்கல்ல, இயந்திரத்துக்கு. 1930இல் தொழிலாளர் கைரேகையைப் பதிய நிர்வாகம் முனைந்தபோது, 'நாங்கள் என்ன திருடர்களா' என்று சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அந்த ஊரில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். தந்தையும் அண்ணனும் எடுப்புக் கக்கூஸ் சுத்தம் செய்தவர்கள். என்ன வேலை என்பதை வீட்டில் பிள்ளையிடம் மறைத்தார்கள். பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் கேலி அதைச் சொல்லிக்கொடுத்தது. தலைமுறை தாண்டும் காயம் என்று உளவியலார் சொல்வது இந்த மறைப்பையும் சேர்த்துத்தான். ஆனால் வீட்டு மௌனம் மட்டும் ஒருவரை மலக்கூடையிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். படித்த வில்சன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனார். அவர் கேட்காமலேயே அங்கிருந்தவர் துப்புரவு வேலை என்று எழுதினார். வில்சன் அந்தத் தாளைக் கிழித்தெறிந்தார். பிறகு மலம் அள்ளும் வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கத்தைக் கட்டினார், 2016இல் மகசேசே விருது பெற்றார். அந்தத் தாளில் எழுதியவரிடம் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. கை தானாக எழுதியது. அமைப்பு சார்ந்த பாகுபாடு என்பது அதுதான்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இந்த நகரத்துக்குத் தினமும் வேலைக்கு வருகிறார்கள். சுரங்கம் மூடியும் மலம் அள்ளும் வேலை மூடவில்லை. அதற்கு ஆள் வைப்பதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் முப்பது லட்சம் என்றது. சாவு நின்றிருந்தால் தொகை ஏறியிருக்காது. 2025 ஜனவரியில் ஆறு பெருநகரங்களில் கையால் மலம் அள்ளுவதும் ஆள் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்வதும் கூடவே கூடாது என்று அந்த நீதிமன்றமே மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆறில் ஒன்று பெங்களூர்.

இங்கே அடுக்குமாடிகளில் குடியிருப்போர் பலர். அடுத்த சங்கக் கூட்டத்தில் கழிவுநீர்த் தொட்டி ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். ஆள் இறங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.