பிறநாடு சென்று மற்கலை பயிலல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு என்னும் மற்கலையைப் பயில நமது சங்கத்து இளைஞர் இருவர் பிறநாடு செல்ல விரும்புகின்றனர். அவர்களுக்குச் சங்கம் பொருளுதவி செய்யலாமா என்ற விஷயம் செயற்குழுவில் வந்தபோது மூத்தோர் மூன்று கேள்விகள் கேட்டனர். இதென்ன வித்தை? இதற்கு இவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? போனவர்கள் திரும்பி வருவார்களா? முதலிரண்டையும் கூட்டத்தில் கேட்டார்கள். மூன்றாவதைக் கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்கள். இன்று நாங்கள் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியதே.

வித்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். யப்பானில் கானோ ஜிகோரோ என்னும் கல்விமான் பழைய ஜியு-ஜிட்சு முறைகளைத் திருத்தி, ஜூடோ என்று பெயரிட்டு, 1882இல் கொடோகான் பள்ளியை நிறுவினார். அப்பள்ளியின் மாணாக்கர் மயேடா மிட்சுயோ 1904இல் அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகப் பந்தயக் குஸ்தி பிடித்து வழிச்செலவைத் தேடிக்கொண்டு, 1914இல் பிரேசிலை அடைந்து, பெலெம் நகரில் குடியமர்ந்தார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும், மெலிந்த தேகியான தம்பி ஹேலியோவும், இருவரும் நிலத்தில் விழுந்தபின் நடக்கும் போரையே தனிக்கலையாக வளர்த்தனர். இதிலே குத்தும் உதையும் இல்லை. பிடியும் பூட்டும் நெரிப்புமே உண்டு. அகப்பட்டவன் கையால் தட்டினால் மற்றவன் அக்கணமே விட்டுவிட வேண்டும். 1993 நவம்பரில் டென்வர் நகரில் ஹேலியோவின் மகன் ரொய்ஸ், தம்மிலும் பாரமான மூவரை ஒரே இரவில் வென்றபின், உலகம் முழுவதும் இக்கலையைத் தேடத் தொடங்கியது. சிறியவர் பெரியவரைச் சமாளிப்பதற்காக வளர்ந்த வித்தை என்பதாலேயே நமது சங்கத்துப் பெண்பிள்ளைகளும் இதைக் கேட்கின்றனர். அவர்கள் கேட்பதற்குக் காரணம் என்ன என்பதை இரவு ரியூசன் முடிந்து ஒழுங்கையால் வரும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகலாமே என்று சிலர் சொல்லக்கூடும். பார்க்கலாம், பழக முடியாது. மார்பின்மேல் ஒருவன் பாரம் முழுவதையும் வைத்து அமர்ந்திருக்கையில் மூச்சை எப்படி விடுவது என்பதைப் படம் கற்பிக்காது. பல தேகங்களோடு பொரவேண்டும். எந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் முழங்கை போய்விடும் என்பதை அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். கொழும்பில் கற்பிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கே அறை வாடகையும் கடைச் சாப்பாடுமாக மாதக்கணக்கில் தங்குவது எங்களுக்கு வெளிநாட்டுச் செலவுதான்.

ஆசானையே இங்கு அழைத்தால் என்ன என்பதும் நல்ல கேள்வி. மகாகவி தாகூர் அப்படித்தான் செய்தார். 1905இலேயே சாந்திநிகேதனத்துக்குச் சானோ ஜின்னொசுகே என்னும் ஜியு-ஜிட்சு ஆசிரியரை வரவழைத்தார். 1929இல் தக்ககாகி ஷின்சோ என்னும் ஜூடோ வல்லுநரை வரவழைத்தார். ஆண்களோடு பெண்களும் அவரிடம் பயின்றனர். ஆயினும் ஓரிரு ஆண்டுகளுக்குமேல் அவரை வைத்திருக்க அங்கே பொருள் இல்லை. தாகூருக்கே இயலாத காரியத்தை, திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கே வீடு வீடாகப் போகும் நமது சங்கம் செய்யுமென்று நாங்கள் எண்ணவில்லை.

ஆகவே போகத்தான் வேண்டும். எங்கே, எவ்வளவில் என்பதே பிரச்சினை. 2011இல் கிறிஸ்டியன் கிராகார்ட் என்னும் டென்மார்க்கு நாட்டவர் 140 நாட்களில் உலகைச் சுற்றி, 56 பள்ளிகளில் இவ்வித்தையைப் பயின்றார். தங்கியது பெரும்பாலும் கூடப் பயின்றவர்களின் வீடுகளில். பின்னர் ஒரு நூலும் எழுதி, இப்படிப் பயணம் செய்வோருக்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார். எங்கள் இளைஞர் பலருக்கு ஆசையை மூட்டியது இக்கதைதான். ஆனால் அவர் கையில் இருந்தது டென்மார்க்குக் கடவுச்சீட்டு. எங்கள் கடவுச்சீட்டோடு அப்படி நாடு நாடாக இறங்க முடியாது. ஒவ்வொரு வாசலிலும் விசா, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு என்று கேட்பார்கள். பணத்தின் கதையோ இன்னொன்று. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போய்விட்டது. அந்நாட்களில் சேமித்துக்கொண்டிருந்தவர்களுடைய பிரேசில் பயணம் உண்டியலுக்குள்ளேயே பாதியாய்ச் சுருங்கியது.

எனவே எங்கள் இளைஞர் தேர்ந்துகொண்ட இடம் ரியோ அல்ல, சென்னை. அங்கும் பெங்களூரிலும் இன்று இக்கலையைக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. மாரிக் கடலில் அதை நம்பமுடியாது. ஆகையால் தை பிறந்தபின்னரே புறப்படவேண்டும். மொழிக்குக் கஷ்டமில்லை. சைவச் சாப்பாட்டுக்கும் அலையவேண்டியதில்லை. ஆச்சிமாரின் கவலையில் பாதி அதனாலேயே தீர்ந்தது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: சுற்றுலா விசாவில் போய் உழைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தோடு எவரும் கப்பலேறக்கூடாது. அது சட்டவிரோதம்.

இப்பொழுது மூன்றாவது கேள்விக்கு வருகிறோம்.

பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களை இங்கே அறியாதவர் இல்லை. மாணவப் பருவத்திலேயே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்ந்தார். பின்பு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் படிப்பையும் பயிற்சியையும் ஒன்றாகவே நடத்தினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாவொன்றில் இந்நாட்டுக்குக் கிடைத்த முதற் தங்கம் அதுவே. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி பெற்றார். 2024இல் காலமானார். வெளிநாடு போய்ப் பயின்றவருக்கு எங்கள் மண்ணிலிருந்து காட்டக்கூடிய மிகச் சிறந்த உதாரணம் இவரே. ஆயினும் அவருடைய வாழ்வின் பெரும்பகுதி பிறநாடுகளிலேயே கழிந்தது. ஆகவே மூத்தோர் கேட்ட கேள்விக்கு இவ்வுதாரணம் விடையாகாது. அதை மறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை.

இக்கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவருடைய பிள்ளைகள் மூவரும் வெளியில். ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் பாரிஸ், ஒருவர் இலண்டன். அவர் வீட்டு முற்றத்தை இன்று கூட்டுவது கூலிக்கு வரும் ஒரு பெண். அவரிடம் போய், “ஐயா, நாங்கள் கட்டாயம் வருவோம், சத்தியம்” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவருடைய பிள்ளைகளும் அப்படிச் சொல்லித்தானே போயிருப்பார்கள்?

சத்தியத்துக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்கிறோம். சென்னையில் 1920இல் ஹரி பக் என்னும் அமெரிக்கர் வை.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே சென்று பயின்றனர். அக்காலத்தில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து ரெயில். 1964இன் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அதுவே வழி. எங்கள் மிஷன் பாடசாலையின் மூத்த ஆசிரியர்கள் அத்தகையோரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சீழ்க்கையும் வெள்ளைக் காற்சட்டையுமாக அவர்கள் திரும்பி வந்தார்கள். ஏன் வந்தார்கள்? நம்மிலும் மேலான தேசபக்தர்கள் என்பதனாலா? இருக்கலாம். ஆனால் ஒரு பாடசாலையும், ஒரு மைதானமும், ஒரு சம்பளமும் அவர்களுக்காகக் காத்திருந்தன என்பதே பெரிய காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இக்கலையின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. வெள்ளை, நீலம், ஊதா, கபிலம், கறுப்பு எனப் பட்டிகள் உண்டு. கறுப்புப் பட்டியை அடையப் பெரும்பாலோருக்குப் பத்தாண்டளவு செல்லும். இரண்டு மூன்று மாதம் போனவன் வெள்ளைப் பட்டியோடுதான் வருவான். அவனை ஆசானென்று எவரும் அழைக்கவேண்டாம். விழுவது, தப்புவது, பாதுகாப்பாகப் பழகுவது, இவற்றைக் கொண்டுவந்தால் போதும். மேலே கற்க அவன் திரும்பத் திரும்பப் போகவேண்டும். விசா நாளைக் கடந்து ஒருமுறை தங்கியவனுக்கோ அடுத்த விசா கிடைப்பது அரிது. ஆகவே ஒழுங்காக வந்தவனுக்கே மறுபடி போக வழியுண்டு.

எங்கள் வேண்டுகோள் இது. இருவரும் சேர்ந்து போகவேண்டாம். ஒருவர் போய், விசா அனுமதிக்கும் நாட்கள் பயின்று வந்து, ஆறு மாதம் இங்கே பழக்கியபின் மற்றவர் போகட்டும். பணத்தை நன்கொடையாகக் கேட்கவில்லை. இளைஞர் பகுதியில் இருபது பேர் சீட்டுக் கட்டுகிறோம். முதற் சீட்டை அவருக்கே விடுகிறோம். குறையும் தொகையைச் சங்கம் கடனாகத் தரட்டும். அதற்கு நாங்கள் இருபது பேரும் பிணை.

இன்னொன்றையும் கேட்கிறோம். அவர் போவதற்கு முன்பே மண்டபத்தின் மேற்குப் பக்கத்து அறையை இதற்கென ஒதுக்கித் தாருங்கள். அங்கே கிடக்கும் உடைந்த கதிரைகளையும் பழைய சப்பறத் தடிகளையும் நாங்களே அப்புறப்படுத்துவோம். மெத்தை வாங்கும்வரை நிலத்தைச் சாணமிட்டு மெழுகி, சாக்கில் உமி அடைத்துத் தைத்து விரித்துக்கொள்வோம்.