அவை முடித்ததைத் தலைவர் மாற்றலாமா?

(கோவில்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



தலைவரை அருகில் அமர்த்திக்கொண்டு, தலைவரின் உரிமைக்கு எல்லை எதுவெனக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம் தலைவர் பொறுமை மிக்கவர். அந்தத் துணிவில் பேசுகிறேன்.

உறுப்பினர் கூடிக் கைதூக்கி முடித்த ஒன்றைத் தலைவர் தம் விருப்பால் தள்ளிவிடலாமா? இது வெறும் ஏட்டு வினா அன்று. இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில் நான் உறுப்பினனாய் இருந்தேன். வானம் பார்த்த ஊர் அது. பருத்தி எடுத்த கூலியிலும் தீப்பெட்டி ஒட்டிய கூலியிலும் மிச்சம்பிடித்துத் திங்கள்தோறும் கட்டணம் செலுத்தினர் அவ்வூரார். சேர்ந்த பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூல்கள் வாங்குவதெனப் பொதுக்குழு முடிவு செய்தது. எதிர்த்தவர் இருவரே, அவருள் ஒருவர் தலைவர். அடுத்த திங்களில் அப்பணம் முழுதும் ஓர் அமைச்சர்க்கு வரவேற்பு வளைவாகவும் ஒலிபெருக்கியாகவும் மாறிப்போயிற்று. கேட்டோம், தலைவர் சினந்தார். “இக்கட்டடத்திற்கு மனை கொடுத்தவன் யார்?” என்றார். தீர்மானப் பதிவேட்டைக் காட்டச் சொன்னோம். அது அவர் வீட்டுப் பேழைக்குள் இருந்தது. மனை கொடுத்தவர்க்கு நன்றி உரியது. ஆனால் மனையைக் கொடுத்து நம் வாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லையே! அதன்பின் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை நிறுத்தினர். படிப்பகம் பூட்டப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டினது. அதன்கீழ்ப் பதிவான அமைப்பை நடத்தும் பொறுப்பு குழுவினுடையது, தனியொருவருடையது அன்று. தலைவர்க்கு என்னென்ன உரிமை என்பதை அவ்வமைப்பின் துணைநெறிகளில்தான் தேடவேண்டும். கூட்டத்தை நடத்துவது, பேசுவார்க்கு முறை வைப்பது, ஒழுங்கு காப்பது, இருபக்க எண்ணிக்கையும் ஒத்து நின்றால் நெறிகள் இடந்தருமாயின் தம் ஒப்போலையால் முடிவு காண்பது ஆகியவை பெரும்பாலும் அங்கே காணப்படும். முடிந்த தீர்மானத்தைத் தாமே நீக்கும் உரிமை, நெறிகளில் எழுதப்பட்டிருந்தாலன்றி அவர்க்கு இல்லை. தீர்மானமே சட்டத்திற்கோ நெறிகளுக்கோ மாறானதாயின் செய்தி வேறு. அதனை நிறைவேற்ற அவர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். அப்போதுங்கூடக் கரணியத்தை எழுதிப் பொதுக்குழுவின்முன் வைப்பதே முறை. உறுப்பினருள் மூன்றிலொரு பங்கினர் விண்ணப்பித்தால் பதிவாளர் அவ்வமைப்பின் நடப்பையும் பணநிலையையும் உசாவலாம் என்கிறது 36ஆம் பிரிவு. அந்தப் படிப்பகத்தார்க்கு இதனை எடுத்துச் சொல்வார் இல்லை.

இத்தகைய நெறிகள் நமக்குப் புதியனவும் அல்ல. நெல்லைக்கு வடக்கே மானூர் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் ஏறத்தாழ 1200 ஆண்டுகட்கு முற்பட்ட மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஊரவை நடைமுறையைக் கூறுகிறது. எடுத்த பொருள்தோறும் மறுப்புரைத்து அவையை முடக்குவாரும், அவர்க்குத் துணைநிற்பாரும், அவ்வாறு முடக்கிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும். இறுத்தபின்னும் அந்நெறிக்குக் கட்டுப்படவேண்டும். அது பார்ப்பனர் ஊரவை. நிலப்பங்கும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கே பேச வாயிருந்தது, உழுதவர்க்கு இல்லை. அதை மறைத்துப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் மாறுபட்டுப் பேசுவது வேறு, அவையை இடைமறிப்பது வேறு. பின்னதைக் குற்றமென அன்றே கல்லில் வெட்டிவைத்தனர்.

முடிந்ததை மாற்றுவது ஒருவகை என்றால், முடிவே எழாமல் தடுப்பது இன்னொரு வகை. பின்னது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. 1925ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சியில் பேராயக் கட்சியின் தமிழ்நாட்டு மாநாடு நடந்தது. வகுப்புவாரி உரிமை கோரும் தீர்மானத்தைப் பெரியார் ஈ.வெ. இராமசாமி கொண்டுவந்தார், 1920ஆம் ஆண்டு நெல்லை மாநாடு தொட்டே அவர் விடாது வலியுறுத்தியது அது. காஞ்சியில் தலைமை தாங்கியவர் தமிழ்த்தென்றல் திரு.வி.க. அப்பெருமகனாரின் தொண்டை உங்கட்கு நான் சொல்லவேண்டா. அவர்தம் உரைநடையைப் படித்தே நான் மேடைத்தமிழ் கற்றேன். எனினும் அத்தீர்மானத்தை அவையில் எடுக்க அவர் இசையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எடுத்திருந்தால் அது தோற்றிருக்கவும் கூடும். தோற்றவர் மறு ஆண்டும் வருவார். எண்ணியே பாராமல் தள்ளப்பட்டவர் எங்கே வருவார்? பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், கட்சியையும் விட்டார். அதன்பின் தமிழ்நாட்டு அரசியல் சென்ற வழியை நீங்கள் அறிவீர்கள்.

இதற்கு மாறாக நின்றார் ஒருவர். 1939ஆம் ஆண்டு சனவரியில் 1580 ஒப்போலை பெற்று, 1377 பெற்ற பட்டாபி சீதாராமையாவை வென்று பேராயத் தலைவரானார் சுபாசு சந்திர போசு. மார்ச்சில் திரிபுரியில், செயற்குழுவைக் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைக்கவேண்டுமென்று கோவிந்த வல்லப பந்த் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் கையைக் கட்டிய தீர்மானம் அது. நெறிக்கு மாறென்று அதனைத் தடுக்கப் போசு முயன்றிருக்கலாம், முயலவில்லை. உடன்பாடு கிட்டாதபோது ஏப்பிரலில் தலைமையைத் துறந்தார். அவையின் முடிவைத் துறக்கவில்லை. அத்தீர்மானம் முறையானதன்று என்பதே என் கருத்து. அதனாலேயே அவர் செய்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் சிற்றூர் மன்றங்களில் எந்தத் தலைவரும் எழுந்து “தள்ளினேன்” என்பதில்லை. தீர்மானம் எழுதப்படாமல் போகும். எழுதிய ஏடு காணாமற் போகும். “பார்ப்போம்” என்ற ஒரு சொல்லில் ஆண்டு கழியும். ஆகவே கூட்டம் கலையுமுன்பே தீர்மானத்தை எழுதி, படித்துக்காட்டி, அங்கேயே ஒப்பமிடுங்கள். ஏடு செயலாளர் பொறுப்பில் மன்றத்திலேயே இருக்கட்டும். மாறுபடும் தலைவர் தம் மறுப்பை அதன்கீழ் எழுதட்டும்; மீண்டும் ஆராயக் கூட்டம் கூட்டட்டும்; அதுவரை பணத்தைத் தொடவேண்டா.

இம்மன்றத்தின் துணைநெறிப் படியொன்றைக் கையோடு கொணர்ந்திருக்கிறேன். தலைவரின் உரிமை பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கந்தான். நம் தலைவர் இசைவளித்தால் இப்போதே உரக்கப் படிக்கிறேன்.